கோடியில் நின்ற செத்தை

1

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தை நான் காலி செய்துவிட்டேன். கை தவறி நடந்தது இல்லை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய், முட்டிவரை தண்ணீரில் இறங்கி, ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க வேலை பார்த்துக் காலி செய்தேன். முடித்ததும் இடுப்பில் கை வைத்து நின்று, பரவாயில்லையே ஸ்டெல்லா, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறதே என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். அன்று மத்தியானம் முதல் என் மகள் ஜெனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் கனடாவுக்கு வந்து அந்த மாதத்தோடு பதினோரு வருஷம். கேக் வெட்டிக் கொண்டாட அது ஒன்றும் கல்யாண நாள் இல்லை. ஆனாலும் ஏப்ரல் வந்தால் மனசு தானாகத் திரும்பிப் பார்க்கும். வந்தபோது ஜெனிக்கு ஆறு வயது. விமான நிலையத்தில் என் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் இப்போது என்னைவிட அரைச் சாண் உயரம். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் அவருக்கு ரோடுதான் வீடு. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கள்ளக்குறிச்சியில் படித்து வாங்கிய பி.எஸ்சி. சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே பெரும்பாலான நாள் வீட்டில் நானும் ஜெனியும் மட்டும்தான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் மிச்சம் இருப்பது ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

2

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் கோமுகி அணைக்கும் நடுவில் இருக்கிறது. கை காட்டினால்தான் பஸ் நிற்கும். ஊருக்கு மேற்கே ஏரி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓர் ஓரத்தில் கருங்கல்லால் தாழ்வாகக் கட்டியிருப்பார்கள். அதற்குக் கோடி என்று பெயர். தண்ணீர் அதன்மேல் வழிய ஆரம்பித்துவிட்டால் 'ஏரி கோடி போகுது' என்று ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும்.

சில சமயம் அந்தக் கோடியில் செத்தை வந்து நின்றுகொள்ளும். முள் கிளை, ஆகாயத்தாமரை, பனை மட்டை, யார் வீட்டுக் கிழிந்த பாயோ, எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு வழியை அடைத்துவிடும். வழி அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். மண் கரைமேல் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் கரை இருக்காது.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோடியில் செத்தை நிற்பதை முதலில் யார் பார்க்கிறார்களோ அவரே எடுத்துவிட வேண்டும். தலைவரைக் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் மனு எழுத வேண்டியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டோ இறங்கி, இழுத்துப் போட்டுவிட்டு, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்குகிறோமே, அதுபோல யோசிக்காமல் செய்கிற காரியம் அது.

இங்கே மார்ச் முடியும்வரை குளம் என்பது வெள்ளைத் தரை. ஏப்ரலில் பனி உருகி நாலா பக்கத்திலிருந்தும் தண்ணீர் இறங்கும். அந்தச் சனிக்கிழமை நடக்கப் போனபோது குளத்துத் தண்ணீர் நடைபாதைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. குளத்திலிருந்து ஓடை பிரிகிற இடத்தில் பார்த்தேன். கட்டை, குச்சி, சேறு எல்லாம் சேர்ந்து மார்பு உயரத்துக்கு அடைப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஓடையில் நூல் மாதிரிதான் தண்ணீர். ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டு வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது.

அந்தச் சைக்கிளைப் பார்த்த பிறகு நான் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, தோட்டத்து மண்வெட்டியையும் ரப்பர் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வந்தேன். குச்சிகள் அப்படி இப்படி வரவில்லை. யாரோ பார்த்துப் பார்த்துச் செருகியதுபோல இருந்தன. ஆனாலும் விடவில்லை. கடைசியில் நடுவில் இருந்த பெரிய கட்டை அசைந்தது. தண்ணீர் தடதடவென்று இறங்கியது. நான் கரையில் உட்கார்ந்து, கையில் செல்போனை எடுத்துப் படம் பிடித்து, ஊரிலிருக்கிற சாமு அண்ணனுக்கு அனுப்பினேன். 'இங்கேயும் ஒரு கோடியை எடுத்துவிட்டேன்' என்று எழுதினேன். அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

3

நான் மட்டும் படம் பிடிக்கவில்லை. நாயோடு நடக்க வந்த ஓர் ஆளும் பிடித்திருக்கிறார். அது இந்தப் பகுதிக்காரர்களின் இணையக் குழுவில் போய், அங்கிருந்து ஜெனியின் போனுக்கு வந்தது. மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு மாது மண்வெட்டியோடு நிற்கிறாள். முகம் தெரியவில்லை. பூட்ஸ் தெரிந்தது.

விஷயம் இதுதான். அது செத்தை இல்லை, வீடு. பீவர் என்று ஒரு பிராணி. நம் ஊர்ப் பெருச்சாளியைப் பன்றிக்குட்டி அளவுக்கு ஊதி, துடுப்புபோல ஒரு வால் ஒட்டினால் எப்படியோ அப்படி இருக்கும். மரத்தைப் பல்லால் அறுத்து, ஓடையில் போட்டு, சேறு பூசி அணை கட்டும். அந்த அணையால்தான் அது குளமாக இருந்தது. நடைபாதையைத் தாண்டித் தண்ணீர் போகாமலிருக்க நகராட்சி அணைக்கு அடியில் ஒரு குழாயும் வைத்திருந்தது. அது என் கண்ணில் படவில்லை. இந்த நாட்டின் ஐந்து சென்ட் காசில் அந்தப் பிராணியின் படம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் குடியுரிமைத் தேர்வு வர மூன்று வாரம் இருந்தது. தேர்வுப் புத்தகத்தில் பீவரைப் பற்றி ஒரு பத்தி வரும், அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். படித்தது ஒன்று, இறங்கியது ஒன்று.

அதுகூடப் போகட்டும். ஓடை, குளங்களைக் கவனித்துக்கொள்ள இங்கே தன்னார்வலர்கள் உண்டு. எங்கள் குளத்துக்குப் பொறுப்பாளர் ஜெனி. மூன்று வசந்தமாக அங்கே உள்ள ஆமைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு நோட்டில் எழுதி வந்தவள். அந்த நோட்டை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. குளிர்காலம் முழுக்கச் சேற்றுக்குள் தூங்கும் ஆமைகள் வெளியே வருகிற வாரம் அது. நான் தண்ணீரை இறக்கியதில் சேறு வெயிலுக்குத் திறந்துகொண்டது.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?"

"யாரையும் கேட்க வேண்டாம் ஜெனி. பார்த்தவர்கள் எடுக்க வேண்டியதுதான்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு ஒரு நாளும் யாரையும் கேட்கத் தோன்றாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டும் என்றால்கூட எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள்.

பூட்ஸை அடையாளம் கண்டது ஜெனி மட்டும் இல்லை போலிருக்கிறது, பத்து நாளில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம், ஏழு உட்பிரிவு, விளக்கம் எழுதக் கீழே ஆறு வரி இடம். நம் ஏரியையும் கோடியையும் ஆறு வரிக்குள் எப்படி அடைப்பது? அகராதியைப் புரட்டி, எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் நேரிலேயே போய்விட்டேன். அங்கிருந்த அம்மாள் பொறுமைசாலி. "எங்கள் ஊரில் டேங்க் நிறைந்து உடைந்துவிடும்" என்று நான் ஏரியைச் சொன்னபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு, "யாருக்காவது அடிபட்டதா?" என்று பரிவாகக் கேட்டார். பள்ளத்தில் குழந்தை சைக்கிள் நின்றது என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

அபராதம் போடவில்லை. அதற்குப் பதிலாக அதே ஓடையில் இருபது மணி நேரம் தன்னார்வலர்களோடு வேலை செய்ய வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் குளத்தின் பொறுப்பாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருஷம் ஜெனியின் ரேங்க் கார்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அவள் முறை.

4

இந்த இடத்தில் இரண்டு வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெனியை ஊருக்கு அழைத்துப் போனேன். சொந்தக்காரர்கள் புடவைக்கடை, கோயில் தேர், பிரியாணி என்று திட்டம் வைத்திருந்தார்கள். அவள் எங்கள் ஏரியைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷம் அந்தத் தண்ணீரில் துணி துவைத்திருக்கிறேன். வாய்க்காலில் வருகிறது என்று தெரியும். வாய்க்காலுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

"இன்னாம்மா, அத்தினி ஏரி இருக்கிற நாட்டுலேர்ந்து வந்துட்டு இந்தக் குட்டையப் போயி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கிற!" என்று சாமு அண்ணன் அவளைச் சீண்டினார். ஆனாலும் மறுநாள் காலை வண்டி ஏற்பாடு செய்தது அவர்தான்.

மூன்று நாள் தண்ணீரைத் தலைகீழாகப் பின்தொடர்ந்தோம். ஏரியிலிருந்து வரத்து வாய்க்கால் வழியே நடந்து கோமுகி ஆற்றுக்குப் போனோம். வாய்க்கால் பாதி தூரம் முள்ளும் குப்பையுமாக இருந்தது. ஜெனி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆற்றிலிருந்து அணைக்கு. அணையின் மதகுமேல் நின்றவர் ஒருவர், "கல்படை, பொட்டியம் ரெண்டு ஆறும் மேல மலையிலேர்ந்து வருது பாப்பா. மலையில மழ ஜாஸ்தியானா இங்க சைரன் ஊதுவாங்க" என்றார். அங்கிருந்து கல்வராயன் மலை ஏறினோம். கரியாலூரில் டீ குடித்துவிட்டு, ஒரு மரவள்ளிக் கொல்லை ஓரமாக இறங்கினால் பாறை இடுக்கில் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கீழே ஆற்றில்தான் சேர்கிறது என்றார் கொல்லைக்காரர். ஜெனி மண்டியிட்டு இரண்டு கையிலும் அள்ளிக் குடித்தாள். நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் குடித்துவிட்டாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசி நாள் மட்டும் ஒன்று நடந்தது. ஏரிக்கரைமேல் நடந்தபோது கோடிக்குப் பக்கத்தில் நின்று அவள் கேட்டாள், "இங்கே மட்டும் கல் ஏன் வேறு நிறத்தில் இருக்கிறது?"

உண்மைதான். அந்த இடத்தில் முப்பதடி நீளத்துக்கு மண் கரையில் பிற்பாடு கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். "ரிப்பேர் பண்ணியிருப்பார்கள், வா, வெயில் ஏறுகிறது" என்றேன். அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

5

அந்தக் கரை உடைந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் சொன்னதில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. பத்துக் கட்டளையில் எதில் சேரும் என்று தெரியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு. ஐப்பசி அடைமழை நான்கு நாள் பெய்து ஓய்ந்த மறுநாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு 'மழைநீரின் அருமை'. அப்பா மாதா கோயிலில் உபதேசியார். பிரசங்கம் செய்கிறவர் பெண்ணுக்குப் பேச வராதா என்று டீச்சர் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். இஸ்திரி போட்ட தாவணி, புதுச் செருப்பு. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஏரிக்கரை வழியாக வந்தேன். ஏரி தளும்பி நின்றது. அந்த நிலையில் கோடிமேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துத்தான் தாண்ட வேண்டும். அன்று கோடி காய்ந்து கிடந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புதுச் செருப்பு நனையாது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் செத்தையைப் பார்த்தேன். காட்டாமணக்குப் புதர் ஒன்று வேரோடு வந்து குறுக்கே நின்றிருந்தது. அதன்மேல் ஆகாயத்தாமரை மெத்தைபோல ஏறியிருந்தது. இறங்கி இழுத்தால் தாவணி போச்சு, பஸ் போச்சு, போட்டி போச்சு. பின்னால் யாராவது வருவார்கள், எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். போய்விட்டேன்.

பேச்சு நன்றாக வந்தது. பாதிப் பேச்சில் கடைசி வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டு வசந்தா வந்து உட்கார்ந்தாள். என் வகுப்பு, என் தெருவுக்கு அடுத்த தெரு, என் உயிர்த்தோழி. முடித்தபோது முதலில் கை தட்டியது அவள்தான். இரண்டாம் பரிசு. ஒரு சில்வர் டம்ளர். டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் ஊரே கரையில் நின்றது. மூன்று மணிக்கு உடைந்திருக்கிறது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோடிக்கு நேர் கீழே இருந்தது வசந்தாவின் அப்பா குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர். கதிர் வெளிவரப் பொதிகட்டி நின்ற நெல்மேல் முழங்கால் உயரத்துக்கு மணல். பள்ளத்தில் இருந்த அவர்கள் வீட்டு மண் சுவர் கரைந்து கூரை தரையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஆட்டையும் காணோம். கோடி அடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லையா என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

அடுத்த மாதம் அவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வசந்தா அதற்குமேல் படிக்கவில்லை. நான் பி.எஸ்சி. முடித்தேன், கல்யாணம் ஆனது, கடல் தாண்டினேன். அந்த டம்ளரில் இதுவரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

6

இருபது மணி நேரம் என்பது மே மாதம் முழுக்க ஓடியது. ஜெனி மேலதிகாரி மாதிரி வருவாள். இடுப்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை, கழுத்தில் பென்சில், கையில் அட்டை. நான் அளவுகோலைப் பிடிக்க வேண்டும், அவள் எழுதுவாள். வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசுவாள். "கொஞ்சம் இடது பக்கம். அசையாதே. சரி."

குளத்திலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து ஏரி என்று சனி, ஞாயிறு எல்லாம் நடந்தோம். பதினோரு வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் பார்த்திருந்தது வீடு, வேலை, மளிகைக்கடை, சர்ச். வீட்டுக்குப் பின்னால் புறப்படும் ஓடை இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே போய் ஆற்றில் விழுவது எனக்குத் தெரியாது. இங்கே முழங்கால் ஓடைக்கும் பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயர்களை நான் உச்சரித்ததைக் கேட்டு ஜெனி முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் வாரம் திருத்தினாள். மூன்றாம் வாரம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது.

பீவர் யாருக்கும் மனு எழுதவில்லை. நான் உடைத்த மறுநாளே கட்ட ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முடித்துவிட்டது. நான் இழுத்துக் கரையில் போட்ட கட்டைகளையே திரும்ப எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. தண்ணீர் ஏறியது. ஆமைகள் முதலில் ஒன்று, பிறகு மூன்று, மாதக் கடைசியில் ஏழு. முந்தின வருஷம் பதினொன்று. வராத நான்குக்காக ஜெனி நோட்டில் இடம் விட்டிருந்தாள். அந்த வெற்று வரிகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரையில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து சொன்னேன். காய்ந்த கோடி, புதுச் செருப்பு, காட்டாமணக்கு, டம்ளர், வசந்தா, எல்லாம். தமிழில் ஆரம்பித்து அவளுக்குப் புரியாத இடத்தில் ஆங்கிலத்துக்குப் போய், எனக்கு முடியாத இடத்தில் தமிழுக்குத் திரும்பினேன். "அன்றைக்கு எடுக்கவில்லை. இங்கே அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் மறுபடியும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. தப்புத்தான்" என்றேன்.

ஜெனி நோட்டை மூடி மடியில் வைத்தாள். "அந்த வேறு நிறக் கல் அதுதானா?" என்று கேட்டாள்.

"அதுதான்."

"வசந்தா ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மா, நீ என் குளத்தை உடைத்தாய். உடைத்தது நீதான் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் கோபப்பட முடிந்தது. கோபப்பட்டு முடிக்கவும் முடிந்தது. அவர்களுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாதே."

பதினேழு வயதுப் பெண் சொன்னாள்.  அவள் படிவத்தை எடுத்து, கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

7

வசந்தா பெங்களூரிலிருந்து எப்போதோ திரும்பிவிட்டாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சாமு அண்ணன்தான் விசாரித்துச் சொன்னார். "கச்சிராயபாளையம் ரோட்டுல டிபன் கடை வச்சிக்கினு இருக்குது. நானே ரெண்டு தபா சாப்ட்டிருக்கறன், அதுதான் வசந்தான்னு தெரியாம. எதுக்கு கேக்கற?" என்றார். சும்மா என்றேன்.

அவள் போன் நம்பரை வாங்கி ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் ஞாயிறு காலை, ஜெனி என்னைக் கையைப் பிடித்துப் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊரில் அப்போது சாயங்கால நேரம். போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்தாள்.

"யாரு?"

"வசந்தா, நான் ஸ்டெல்லா பேசறன்."

"எந்த ஸ்டெல்லா?" தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அடியேய்! உபதேசியார் வூட்டு ஸ்டெல்லாவா? எங்கடி இருக்கற? ஐஸு நாட்டுல இருக்கறன்னு சொன்னாங்களே, எப்பிடிடி அதுல குந்திக்கினு இருக்கற?"

ஊர்ப் பேச்சு என் வாயில் தானாக வந்தது. பத்து நிமிஷம் அவள் பிள்ளைகள், என் பிள்ளை, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று போனது. இதற்கு மேல் தள்ளினால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். "அன்னிக்கு காலையில கோடியில செத்த நின்னத நான் பாத்தன் வசந்தா. பாத்துட்டுப் போயிட்டன். உங்க நெலம் போனது என்னாலதான்."

 கல்மேல் ஏதோ தீய்கிற சத்தம் கேட்டது. போனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஜெனி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டெல்லா. நீ போனது எட்டு மணி பஸ்ஸு இல்ல?"

"ஆமா."

"நானு எட்டே முக்கா பஸ்ஸு. அதே கோடி மேலதான்டி நானும் வந்தன். அந்தச் செத்தைய நானும் பாத்தன்."

நான் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"எறங்கலாம்னு செருப்பக்கூட கழட்டிட்டன். அதுக்குள்ள பஸ்ஸு வர்ற சத்தம் கேக்குது. அத வுட்டா அடுத்த வண்டி எப்ப வரும்னு தெரியாது, உன் பேச்சு முடிஞ்சி பூடும். உன் பேச்சக் கேக்கணும்னு செருப்ப கையில புடிச்சிக்கினு ஓடினன்டி." அவள் குரல் உடைந்தது. "எங்க நெலத்துக்கு மேல நின்னுக்கினு இருந்ததுடி அது. எங்கப்பா சாகிற வரிக்கும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. இன்னிக்குத்தான் வாயத் தொறக்கறன்."

இரண்டு பேரும் அழுதோம். அவள் அங்கே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும், நான் இங்கே வெட்டவெளியில் அழுதேன். நாயோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் தேறியது வசந்தாதான். "சரி வுடு. எதுக்குடி இத்தினி வருசம் கழிச்சி இப்ப நெனப்பு வந்துச்சி?" என்றாள். பீவர் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த ஆட்கள் இன்னா இன்னா என்று கேட்பது இங்கே கேட்டது.

"அந்த எலி மறுபடி கட்டிச்சா?"

"கட்டிடுச்சி."

"அப்ப சரி." யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஸ்டெல்லா, ஒண்ணு கேக்கறன், செய்வியா?" என்றாள்.

"சொல்லு."

"அவ்ளோ தூரம் ஓடியாந்து நான் பாதிப் பேச்சுதான் கேட்டன். மொதப் பாதிய இப்ப சொல்லு. கடையில ஆளு கம்மியாத்தான் இருக்குது."

எனக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு வரி விடாமல் இருந்தது. ஜெனி போனை உயர்த்திப் பிடித்தாள். நான் பெஞ்சைவிட்டு எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, குளத்தைப் பார்த்து நின்றேன்.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அன்புத் தோழிகளே" என்று ஆரம்பித்தேன்.